அம்மாவுக்கு ஃபோன் சொல்லிக்கொடுக்கும்போது அதைக் கையில் வாங்காதீர்கள்

போன வருஷம் ஆடி மாசத்தில் ஒருநாள், கோவில்பட்டியில் தனியாக இருக்கும் என் அம்மா மெடிக்கல் கடைக்குப் போயிருக்கிறார். பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் சேர்த்து 186 ரூபாய். கையில் இருந்தது ஒற்றை 500 ரூபாய் நோட்டு. "சில்லறை இல்லம்மா, ஜிபே பண்ணிருங்க" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பையில் ஃபோன் இருக்கிறது, நான் வாங்கிக் கொடுத்ததுதான். அதில் பேசத் தெரியும், பேரனை வீடியோவில் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் ஒருவன் தன் ஃபோனில் பணத்தைக் கட்டிவிட, அவனுக்குத் திருப்பிக் கொடுக்க அம்மா மூன்று கடை ஏறி இறங்கி, அவனை வெயிலில் காக்கவைத்து, கடைசியில் பூ விற்கிற அம்மாவிடம் நோட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ராத்திரி என்னிடம் இதைச் சொல்லும்போது குரலில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. "பூக்காரம்மாகூட ஸ்கேன் அட்டை மாட்டி வச்சிருக்காட்டி, எனக்குத்தான் ஒண்ணும் வரல" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. 67 வயசு. அப்பா பேங்கிலிருந்து எடுத்துவந்து கொடுத்த பணத்தில் காய்கறியிலிருந்து கல்யாணச் சீர் வரைக்கும் கணக்குப் பிசகாமல் 40 வருஷம் ஒரு வீட்டை ஓட்டியவர். ஜிபே மாதிரி ஆப்களில் பணம் போக வழி செய்யும் யூபிஐ வந்தது 2016இல். அந்த வருஷம் நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு கடைக்காரர்கள் ஒவ்வொருவராக மாற ஆரம்பித்தார்கள், கொரோனா காலத்தில் நோட்டைத் தொடவே பயந்து இன்னும் பலர் மாறினார்கள். பத்து வருஷத்துக்குள் கடைத்தெருவில் காசு கைமாறும் விதமே வேறாகிவிட்டது, அந்த மாற்றத்தை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சொல்லித்தரவில்லை. அதைச் செய்திருக்க வேண்டியவள் நான்.

அதற்கப்புறம் நான்கு மாசம், மாசத்துக்கு இரண்டு சனி ஞாயிறு ஊருக்குப் போய் உட்கார்ந்தேன். எது வேலைக்கு ஆனது, எது ஆகவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் அம்மா, அப்பா, அத்தை, தாத்தா யாராக இருந்தாலும் வழி பெரும்பாலும் இதேதான்.

முதலில் உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

இது ஒன்றை மட்டும் செய்தால்கூட பாதிக் கிணறு தாண்டின மாதிரி. "எங்கே, குடும்மா" என்று ஃபோனை வாங்கி, நான்கு தட்டு தட்டி, "இந்தா, வந்திருச்சு பாரு" என்று திருப்பிக் கொடுப்போம் இல்லையா, அதை நிறுத்த வேண்டும். நமக்கு அது பத்து விநாடி வேலை. அந்தப் பத்து விநாடியில் அவர் பார்த்தது நம் விரல் பறந்ததை மட்டும்தான். கூடவே இன்னொன்றும் மனசில் பதிகிறது: இது பிள்ளைகள் செய்கிற வேலை, நமக்கானது இல்லை. நான் ஐந்து வருஷமாக அம்மாவுக்கு அதைத்தான் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

ஃபோன் அவர் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில், எதிரில் வேண்டாம், ஒரே பக்கம் பார்த்து உட்காருங்கள். அம்மி அரைக்கக் கற்றுக்கொடுக்கும்போது யாரும் குழவியைப் பிடுங்கிக்கொள்வதில்லை. விரலை எங்கே வைக்க வேண்டும் என்று வாயால் சொல்லுங்கள், தப்பாகத் தட்டினால் தட்டட்டும். தப்பான இடத்துக்குப் போய்விட்டால் எப்படித் திரும்பி வருவது என்பதுதான் உண்மையில் முதல் பாடம். "எங்கேயோ போயிருச்சு" என்று பதறும்போது பின்னால் வரும் அம்புக்குறியையும், ஒரேயடியாக வீட்டுக்குத் திரும்பும் பட்டனையும் காட்டிவிட்டால், எதைத் தட்டினாலும் உடைந்துபோகாது என்ற தைரியம் வருகிறது. முதல் நாள் முழுக்க நாங்கள் செய்தது இவ்வளவுதான், கண்ட இடத்தில் தட்டுவது, திரும்பி வருவது, மறுபடி தட்டுவது.

ஒரு தடவைக்கு அரைமணி நேரம் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேண்டாம், காலையில் வேலை முடிந்த கையோடு உட்காருங்கள். நீங்கள் பெருமூச்சு விட்டால் அவர் அதைக் கவனிப்பார், அத்தோடு அன்றைய பாடம் முடிந்தது.

ஃபோனைத் தயார் செய்வது

சொல்லித்தரும் முன் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்குவது எல்லாருக்கும் தெரியும். தெரியாத இரண்டைச் சொல்கிறேன்.

வயசானவர்களின் விரல்நுனி காய்ந்திருக்கும், கொஞ்சம் நடுங்கவும் செய்யும். லேசாகத் தட்டத் தெரியாமல் அழுத்திப் பிடித்துவிடுவார்கள், ஃபோன் அதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு வேறு எதையோ திறக்கும். "நான் தொட்டா மட்டும் ஏன் இப்படி வருது" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆண்ட்ராய்டு ஃபோனில் அணுகல்வசதி என்ற பகுதிக்குள் போனால், எவ்வளவு நேரம் பிடித்தால் அதை நீண்ட அழுத்தமாக எடுக்க வேண்டும் என்று மாற்றலாம். அதிகமாக வையுங்கள். ஒரே நாளில் வித்தியாசம் தெரிந்தது. இன்னொன்று, திரை அணையும் நேரம். கடையில் வாங்கிவந்தபடியே விட்டால் பல ஃபோன்களில் 30 விநாடி. அம்மா ஒரு மெசேஜை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். இரண்டு நிமிஷமாக்குங்கள்.

கைரேகைப் பூட்டு வேண்டாம். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மங்கிய விரல் அது, ரேஷன் கடையிலேயே நாலு தடவை வைத்தால்தான் எடுக்கிறது. நான்கு எண் போதும். முதல் பக்கத்தில் ஃபோன், வாட்ஸ்அப், கேமரா, ஜிபே இந்த நான்கு மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் குட் மார்னிங் படங்களால் மூன்றே மாசத்தில் ஃபோன் நிரம்பி மெதுவாகிவிடும்.

மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா? நான் முழு ஃபோனையும் மாற்றிப் பார்த்தேன். 'அமைப்புகள்', 'பகிர்', 'அனுமதி' என்று வரும் சொற்கள் அம்மா பேசுகிற தமிழில் இல்லை, அதைவிட முக்கியம், எதிர்வீட்டுப் பிள்ளையிடம் சந்தேகம் கேட்டால் அதற்கு இந்த மெனு புரியவில்லை. கடைசியில் ஃபோன் இங்கிலீஷிலும், பணம் அனுப்பும் ஆப் மட்டும் தமிழிலும் இருக்கட்டும் என்று அம்மாவே முடிவு செய்தார். உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம், இங்கிலீஷ் எழுத்தே தெரியாதவருக்குத் தமிழ்தான் சரி. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பணத்தில் ஆரம்பிக்காதீர்கள்

அவருக்கு ஆசையாக இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அம்மாவுக்கு அது கோலம். வாசலில் போட்ட கோலத்தைப் படம் எடுத்து விருதுநகரில் இருக்கும் சித்திக்கு அனுப்ப வேண்டும். படம் எடுப்பது, பார்ப்பது, ஆளைத் தேர்ந்தெடுப்பது, அனுப்புவது, தப்பாக வேறு ஆளுக்குப் போனால் அழிப்பது எல்லாமே இந்த ஒரு வேலைக்குள் இருக்கிறது. தினமும் கோலம் போடுகிறவர் தினமும் பாடம் படித்தார். இரண்டாவது வாரமே சித்தியிடமிருந்து பதில் கோலம் வர ஆரம்பித்துவிட்டது.

அடுத்தது குரல் செய்தி. மைக்கை அழுத்திக்கொண்டே பேசுவது வயசானவர்களுக்குக் கஷ்டம், பாதியில் விரல் நழுவிவிடும். அழுத்தி அப்படியே மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், கையை எடுத்துவிட்டு நிம்மதியாகப் பேசலாம், இதைக் காட்டுங்கள். தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும் வசதியைக் கூகுள் 2017இலேயே கொண்டுவந்துவிட்டது. கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தட்டி, அம்மா "சாப்பிட்டாச்சா" என்று சொல்ல, அது எழுத்தாக வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், எழுத்துப்பிழைக்குப் பயந்து எனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இப்போது யூடியூபில் சமையல் தேடுவதும், பஸ் நேரம் கேட்பதும் எல்லாம் வாயால்தான்.

ஒரு நோட்டு வாங்குங்கள், 40 பக்கம் போதும். இது ரொம்ப முக்கியம். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அவர் எழுத வேண்டும், அவர் வார்த்தையில், அவர் கையெழுத்தில். நான் முதலில் அழகாக எண் போட்டு டைப் செய்து, பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனேன். அம்மா அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டார். அவர் நோட்டில் இப்போது இப்படி இருக்கிறது: "பச்சைப் பொட்டைத் தொடு. சித்தி பேரைத் தொடு. கிளிப்பைத் தொடு. படம். பிறகு காகித ராக்கெட்." அனுப்பும் குறி அவருக்குக் காகித ராக்கெட். நானும் இப்போது ஃபோனில் விளக்கம் சொல்லும்போது ராக்கெட் என்றுதான் சொல்கிறேன். அவர் வைத்த பெயரை நீங்கள் கற்றுக்கொண்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

இப்போது பணம்

முதலில் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். அம்மாவின் பேங்க் கணக்கில் யாருடைய மொபைல் நம்பர் பதிவாகி இருக்கிறது? நம் வீடுகளில் அம்மாக்களின் கணக்கில் அண்ணன் நம்பர் இருக்கும், அல்லது மாமா நம்பர், அல்லது இறந்துபோனவரின் நம்பர். எங்கள் வீட்டில் அப்பாவின் நம்பர் இருந்தது, அந்த சிம் எப்போதோ போய்விட்டது. அப்பா போன பிறகு இரண்டரை வருஷம், அம்மாவின் கணக்கில் பணம் வந்ததா போனதா என்று சொல்லும் மெசேஜ் யாருக்கும் வராமல் காற்றில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. யூபிஐக்கு அவர் கையில் இருக்கும் சிம்மும் பேங்கில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். அதனால் பாஸ்புக், ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், படிவம் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். நீங்கள் கூடப் போகலாம், ஆனால் கவுன்டரில் பேசுவது அவராக இருக்கட்டும். ஆதாரில் இருக்கும் நம்பரையும் அப்படியே பார்த்துவிடுங்கள். இதற்கு ஒரு நாள் முழுசாகப் போகும், வேறு எந்த வேலையையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, மொத்தச் சேமிப்பு இருக்கும் கணக்கை ஆப்பில் இணைக்காதீர்கள். தனியாக ஒரு சின்னக் கணக்கு. எங்கள் அம்மாவுக்கு மகளிர் உரிமைத்தொகை வரும் கணக்கு அப்படி அமைந்தது. 2023 செப்டம்பரில் மாசம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய அந்தத் தமிழ்நாடு அரசுத் திட்டத்தில் பணம் நேராகப் பெண்களின் கணக்கில் விழுகிறது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. அம்மாவுக்குத் தன் பெயரில், தனக்கென்று, மாசாமாசம் வரும் முதல் பணம் அதுதான். அதை எடுக்கக்கூட யாரையாவது ஏடிஎம்முக்கு அனுப்பிக்கொண்டிருந்தார், கார்டையும் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுத்து. அந்தக் கணக்கில் நான் மாசம் மூவாயிரம் போடுகிறேன், அதற்கு மேல் அதில் சேரவிடுவதில்லை. என்ன தப்பு நடந்தாலும் போகக்கூடியது அவ்வளவுதான் என்ற நினைப்பு அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

ஆப்பைத் திறந்து, பேங்கைத் தேர்ந்தெடுத்து, டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி மாதமும் போட்டால், அல்லது ஆதார் வழியாகப் போனால், ஓடிபி வரும், பிறகு யூபிஐ பின் வைக்கச் சொல்லும். நான்கு அல்லது ஆறு எண். இந்த இடத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுங்கள். அவர் என்ன எண் வைத்தார் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. பிறந்த வருஷம் வேண்டாம், வீட்டு நம்பர் வேண்டாம், இதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். "உனக்குத் தெரிஞ்சா என்னட்டி" என்று அம்மா கேட்டார். எனக்கே சொல்லக் கூடாத ஒன்றை ஃபோனில் கூப்பிடும் யாருக்கும் சொல்ல மாட்டார், அதற்காகத்தான்.

முதல் பணம் எனக்கு, ஒரு ரூபாய். நான் திருப்பி ஒரு ரூபாய் அனுப்பினேன். அன்றைக்குப் பத்துத் தடவை இப்படி ஒரு ரூபாய் அங்கும் இங்கும் போய்வந்தது. இதில்தான் எல்லாவற்றிலும் பெரிய பாடம் இருக்கிறது: அனுப்பும்போது பின் கேட்டது, வந்தபோது கேட்கவில்லை. பணம் வருவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. வாயால் நூறு தடவை சொன்னாலும் நிற்காதது பத்து ஒற்றை ரூபாயில் நின்றுவிட்டது. "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பின் போட்டு வாங்கிக்கோங்க" என்று யாராவது சொன்னால் அவன் திருடன் என்று அம்மாவே நோட்டில் எழுதிக்கொண்டார். தெரியாதவர்கள் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையால் நிறையப் பேர் ஏமாந்ததால், ஆளுக்கு ஆள் அனுப்பும் அந்த வகையை 2025 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டார்கள், வியாபாரிகள் பெயரில் வருவது இன்னும் உண்டு. அதனால் இந்தப் பாடம் இன்னும் தேவைதான்.

பிறகு கடைத்தெரு. முதல் கடையாக அந்தப் பூக்காரம்மாவிடமே போனோம். நான் பத்தடி தள்ளி நின்றேன். அட்டைக்கு நேராகக் கேமராவைப் பிடிப்பது, ஸ்கேன் ஆனதும் வரும் பெயரைப் படித்து "உங்க பேரு இதுதானே" என்று கேட்பது, தொகை, பின், டிக் குறி வரும்வரை கடையை விட்டு நகராமல் நிற்பது. பெயரைக் கேட்கும் பழக்கத்தை விடாதீர்கள், கடைக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பணம் வந்துவிட்டது என்று கடையில் இருந்த ஒலிப்பெட்டி வாய்விட்டுச் சொன்னதும் பூக்காரம்மாவும் அம்மாவும் சேர்ந்து சிரித்தார்கள், 20 ரூபாய் மல்லிகை.

சில சமயம் சுற்றிக்கொண்டே நிற்கும், பணம் கணக்கில் குறைந்திருக்கும், கடைக்கு வந்திருக்காது. அப்போது மறுபடி அனுப்பக் கூடாது. பெரும்பாலும் சில நாளில் கணக்குக்கே திரும்பிவிடும், வரவில்லை என்றால் ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டுப் புகார் கொடுக்கலாம். இந்த நேரத்துக்காகவே பர்ஸில் எப்போதும் பத்து, இருபது, ஐம்பது நோட்டாக ஒரு 300 ரூபாய் இருக்க வேண்டும். ஃபோன் கற்றுக்கொண்டதால் ரொக்கத்தை விடச் சொல்லாதீர்கள். கரன்ட் போகும், சிக்னல் போகும், சார்ஜ் போகும்.

பழகிய பிறகு யூபிஐ லைட் வைத்துக்கொடுக்கலாம். அதிகபட்சம் 5,000 ரூபாய் அதில் தனியாக இருக்கும், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமல் போகும். பால், பூ, ஆட்டோவுக்கு வசதி. ஆனால் பின் போடும் பழக்கம் நன்றாகக் கையில் ஏறும் முன் இதைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதே மாதிரி, 2024இல் வந்த யூபிஐ சர்க்கிள் என்ற வசதியில் உங்கள் கணக்கிலிருந்தே அம்மா செலவு செய்யும்படி வைக்கலாம், பின் கூடத் தேவையில்லை. படுத்தபடுக்கையாக இருப்பவர்களுக்கு, மறதி நோய் இருப்பவர்களுக்கு அது வரம். என் அம்மாவுக்கு நான் வேண்டாம் என்று விட்டேன். அவர் குடித்த ஒவ்வொரு டீயும் என் ஃபோனில் 'டிங்' என்று வந்து நிற்கும். 67 வயசில் தன் பணத்தைத் தான் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் செலவழிக்கிற சுகம் இப்போதுதான் அவருக்குக் கிடைத்திருக்கிறது, அதில் நான் ஏன் குறுக்கே போய் நிற்க வேண்டும்?

பயமுறுத்தும் கால்கள்

மும்பை போலீஸ் பேசுகிறோம், உங்கள் ஆதாரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், ஃபோனை வைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது, 2024 அக்டோபரில் பிரதமரே தன் ரேடியோ பேச்சில் இதைச் சொல்லி எச்சரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டு மின் இணைப்பைத் துண்டிக்கப்போகிறோம், இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று ஒரு மெசேஜ். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல், தட்டினால் பத்திரிகைக்குப் பதில் ஒரு ஆப் இறங்கும். ஒன்றை மூடினால் இன்னொன்று முளைக்கிறது. எல்லாவற்றையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் யாராலும் முடியாது.

நாங்கள் ஒரே ஒரு வாக்கியம் வைத்துக்கொண்டோம்: "எம் மககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்." சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட வேண்டும். யாராக இருந்தாலும், போலீஸாக இருந்தாலும், பேங்க் மேனேஜராக இருந்தாலும். பெரியவர்களுக்கு எதிரில் பேசுகிறவர் முடிக்கும் முன் ஃபோனை வைப்பது மரியாதைக் குறைவு, இந்த மரியாதையைத்தான் அந்தத் திருடர்கள் பயன்படுத்துகிறார்கள். அதனால் ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும். என் தம்பி திருச்சியிலிருந்து தன் நண்பனுடைய ஃபோனில் கூப்பிட்டு, இந்தியும் இங்கிலீஷும் கலந்து போலீஸ் குரலில் மிரட்டினான். அவன் கூப்பிடப் போகிறான் என்று அம்மாவுக்கு முன்பே தெரியும், தெரிந்தும் கை நடுங்கியது, விலாசத்தைச் சொல்லிவிட்டார். மூன்றாவது தடவைதான் பாதியில் வைத்தார். ஐந்தாவது தடவை அவன் வாயைத் திறந்ததும் வைத்துவிட்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த ஒத்திகையை வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் தனியுரிமை என்ற பகுதிக்குள் போய், தெரியாத எண்களிலிருந்து வரும் அழைப்பு மணி அடிக்காதபடி வைத்துவிடுங்கள். போலீஸ் உடுப்போடு வரும் வீடியோ கால் அதிகம் வருவது அங்கேதான். குழுக்களில் தெரிந்தவர்கள் மட்டுமே சேர்க்க முடியும் என்றும் மாற்றுங்கள். வேறு ஃபோனில் அந்தக் கணக்கைத் திறந்தால் ஒரு ரகசிய எண்ணும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். அப்புறம் வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல். நானோ தம்பியோ ஆபத்தில் இருக்கிறோம், உடனே பணம் அனுப்பு என்று எங்கள் குரலிலேயே ஃபோன் வந்தாலும், அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டுச் சொல் என் பாட்டி வளர்த்த பசுமாட்டின் பெயர்.

பணம் போய்விட்டால் 1930. நாடு முழுக்க ஒரே எண், சைபர் குற்றத்துக்கானது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு. இதை நோட்டின் அட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள். ஆனால் எண்ணைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. எங்கள் சொந்தத்தில் பெரியம்மா ஒருவர் 38,000 ரூபாய் இழந்தார். நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மகன் திட்டுவான், இனிமேல் ஃபோனைத் தொடவே விட மாட்டான் என்ற பயம். அந்த நான்கு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. பாடம் நடத்தும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், என்ன ஆனாலும் திட்ட மாட்டேன், முதலில் எனக்குச் சொல் என்று. சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அம்மா ஒருநாள் தப்பாக யாருக்கோ 200 ரூபாய் அனுப்பிவிட்டு நடுங்கிக்கொண்டு கூப்பிட்டார். "சொன்னது நல்லதும்மா" என்றுதான் என் வாயில் முதலில் வந்திருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சொன்னேன்.

ஃபார்வர்ட்

இதைப் பற்றி அம்மாவிடம் பேச எனக்கு ரொம்ப நாள் தயக்கம். உடம்புக்கு வைத்தியம், சாமிப் படம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற எச்சரிக்கை எல்லாமே அக்கறையில் அனுப்புவது. குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் "இது பொய்" என்று போட்டால் அவர் மனசு ஒடிந்துபோகும், அனுப்புவதை நிறுத்திவிடுவார், நம்புவதை நிறுத்த மாட்டார்.

நான் 2018 மே மாசம் நடந்ததைச் சொன்னேன். சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிட திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் காரில் வந்த ஒரு குடும்பம். போளூர் பக்கம் வழியில் நின்றபோது, 65 வயசு அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அவரும் பஸ்ஸில் யார் குழந்தையைப் பார்த்தாலும் பையிலிருந்து ஏதாவது எடுத்துக் கொடுப்பவர். "நானா இருந்திருக்கலாம்லா" என்றார். அந்த வருஷம் நாட்டின் பல இடங்களில் இப்படிச் சாவு நடந்த பிறகுதான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி ஆக்கியது.

அதிலிருந்து ஒரே ஒரு குறியைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். செய்தியின் மேலே இரட்டை அம்பு இருந்தால் அது பல கை மாறி வந்தது, எழுதியவர் யார் என்று அனுப்பியவருக்கே தெரியாது. இரட்டை அம்பும் இருந்து, படித்ததும் பயமோ கோபமோ வந்தால், அல்லது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், எனக்கு மட்டும் அனுப்பிக் கேட்க வேண்டும். நான் உண்மையிலேயே தேடிப் பார்த்து அன்றைக்கே பதில் சொல்வேன், இது என் பக்கத்து ஒப்பந்தம். முதல் மாசம் தினமும் மூன்று நான்கு வரும். இப்போது வாரத்துக்கு ஒன்று.

நான்கு மாசத்துக்குப் பிறகு

உரிமைத்தொகை வரும் நாளில் தெருப் பெண்கள் மூன்று பேர் அம்மாவிடம் ஃபோனைக் கொண்டுவந்து, பணம் ஏறிவிட்டதா பார்க்கச் சொல்கிறார்கள். அம்மா அவர்கள் ஃபோனைக் கையில் வாங்குவதில்லை, நோட்டைத்தான் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருகிறார்.

அப்டேட் வரும்போதெல்லாம் ஏதாவது இடம் மாறும், அதற்குத் தயாராக இருங்கள். போன வாரம் ஆப் மாறி, பேங்க் இருப்புப் பார்க்கும் இடம் எங்கேயோ போய்விட்டது. ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டார். எதிர்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லம்மா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "இப்ப உனக்கு என்னென்ன தெரியுது, மேல இருந்து வாசிம்மா" என்றேன். ஒவ்வொன்றாக வாசித்தார், ஒன்றைத் தொட்டார், இல்லை என்று திரும்பினார், இன்னொன்றைத் தொட்டார். 12 நிமிஷம் ஆனது. "ஆங், இங்க கீழ போய் உக்காந்திருக்கு" என்றார், பிறகு நோட்டில் பழையதை அடித்துவிட்டு எழுதும் சத்தம் கேட்டது.